ஜெயித்தாலும் திட்டு: அயோவா ஆஃபன்ஸின் 25 புள்ளிக் கதை

2022 செப்டம்பர் 3, சனிக்கிழமை. அமெரிக்காவின் அயோவா சிட்டியில் இருக்கும் கின்னிக் ஸ்டேடியத்தில் சீசனின் முதல் ஆட்டம். அயோவா பல்கலைக்கழக அணி 7-3 என்று ஜெயித்தது. ஜெயித்த அணியைப் பார்த்துச் சொந்த ஊர்க் கூட்டமே ஊளையிட்டது.

7-3 என்றதும் அமெரிக்க ஃபுட்பால் தெரிந்தவர்கள் வழக்கமான கணக்கைப் போடுவார்கள்: பந்தோடு மைதானத்தின் எதிர் முனைப் பட்டையை (எண்ட் ஸோன்) எட்டும் டச் டவுனுக்கு 6, அதற்குப் பிந்தைய உதைக்கு 1. அன்று டச் டவுனே கிடையாது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்த ஒரு ஃபீல்டு கோல், அதற்கு 3. மிச்சம் நாலு புள்ளியும் இரண்டு சேஃப்டியில் வந்தவை. பந்து வைத்திருக்கும் எதிரணி ஆளை அவர்களுடைய எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கிச் சாய்த்தால் கிடைக்கும் 2 புள்ளிக்குத்தான் சேஃப்டி என்று பெயர். அது முழுக்க, தடுத்து ஆடும் டிஃபன்ஸின் சம்பாத்தியம். அதாவது, பந்தை வைத்து ஆடுவதற்கென்றே இருக்கும் பதினொரு பேர், அதுதான் ஆஃபன்ஸ், மொத்தமாகக் கொண்டுவந்தது 3 புள்ளி, 166 யார்டு முன்னேற்றம். எதிரே ஆடிய சவுத் டகோட்டா ஸ்டேட் ஒரு படி கீழே உள்ள பிரிவைச் சேர்ந்த அணி. (அந்தப் பிரிவின் கோப்பையை அந்த வருடம் அவர்கள்தான் வென்றார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

கூட்டத்தின் கோபமெல்லாம் ஒரே ஆள் மேல் திரும்பியது. ஆஃபன்ஸ் ஒருங்கிணைப்பாளர் பிரையன் ஃபெரன்ட்ஸ். ஒவ்வொரு முறையும் என்ன ஆட்டம் ஆட வேண்டும் என்று சொல்லி அனுப்பியவர் அவர். இதைத்தான் ப்ளே காலிங் என்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எந்த ஊருக்குப் போனாலும் சனிக்கிழமை மாலையில் காதில் விழும் புலம்பல் இதுதான்: ‘கால் (call) சரியில்லை’.

இந்தப் புலம்பலில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பார்க்க அயோவாவைவிட நல்ல இடம் கிடையாது. ஏனென்றால் அங்கே ரசிகர்களின் எரிச்சல் ஒரு எண்ணாக மாறி, ஒப்பந்தத் தாளிலேயே ஏறிவிட்டது.

முதலில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு அணிக்கு 10 யார்டு முன்னேற நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் பெயர் டவுன். பத்து யார்டு தாண்டினால் மறுபடியும் நாலு. மூன்று டவுன் வீணானால் பெரும்பாலும் நாலாவதில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள், அது பன்ட். ஒரு டவுன் முடிந்து அடுத்தது தொடங்க 40 நொடி. அந்த 40 நொடிக்குள் ஒருங்கிணைப்பாளர், ஹோட்டல் மெனு கார்டு அளவுக்கு லேமினேட் செய்த தாளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டும். யார் எங்கே நிற்பது, யார் யாரைத் தடுப்பது, யார் எந்தப் பக்கம் ஓடுவது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். கல்லூரி ஆட்டத்தின் மேல் பிரிவில் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக்கொள்ள 2024-ல்தான் அனுமதி வந்தது. அதுவரை மைதான ஓரத்தில் நின்று கை ஜாடை, படம் போட்ட அட்டை என்றுதான் செய்தி போனது. 2023-ல் மிச்சிகன் அணி மேல் எழுந்த சைகைத் திருட்டுப் புகாரின் பின்னணி இதுதான். அயோவாவின் சைகையைத் திருட மட்டும் யாரும் மெனக்கெட வேண்டியதில்லை, முதல் டவுனில் நடுவில் ஓட்டம் என்று ஸ்டேடியத்தில் பாப்கார்ன் விற்கிறவருக்கும் தெரியும்.

செய்தி போன பிறகும் கதை முடிவதில்லை. டிஃபன்ஸ் நிற்கிற நிலையைப் பார்த்து, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் க்வார்ட்டர்பேக் கடைசி நொடியில் ஆட்டத்தையே மாற்றலாம். பாஸ் போட நினைத்த ஆள் மேல் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்கிற ஆளுக்குச் சின்னதாகக் கொடுத்துவிடுவார். ‘8 யார்டு தேவைப்படும்போது 4 யார்டுக்குப் பாஸ் போடச் சொல்கிறானே, பைத்தியமா?’ என்று மேலே ஒருவர் கத்துவார். சொல்லி அனுப்பியது 15 யார்டு பாஸாகவே இருந்திருக்கலாம். இடது பக்கத் தடுப்பாளர் அரை நொடி தாமதித்திருந்தால் நல்ல தேர்வும் கேவலமாகத் தெரியும். எதிரணி சறுக்கி விழுந்தால் மோசமான தேர்வும் மேதைமையாகத் தெரியும்.

பிறகு ஏன் எல்லோரும் ப்ளே காலிங்கையே பிடித்துக்கொள்கிறார்கள்? அது ஒன்றுதான் நம்மாலும் செய்ய முடியும் என்று தோன்றுகிற வேலை. 140 கிலோ ஆளைத் தடுக்கக் காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று நமக்குத் தெரியாது. ‘அந்த இடத்தில் பாஸ் போட்டிருக்கலாம்’ என்று சொல்ல யாராலும் முடியும். கிரிக்கெட்டிலும் பந்துவீச்சாளரின் மணிக்கட்டைப் பற்றி நாம் பேசுவதில்லை. ‘அந்த ஓவரை இவனுக்கு எதற்குக் கொடுத்தான்?’ என்று கேப்டனைத்தான் பிடிக்கிறோம். அதே சங்கதிதான்.

இதை வைத்து அயோவா ரசிகர்களைத் தள்ளிவிட முடியாது. அவர்களிடம் ஆதாரம் இருந்தது.

2022 சீசன் முடிந்தபோது, ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்த யார்டுகளில், மேல் பிரிவின் 131 அணிகளில் அயோவாவுக்கு 130-வது இடம். ஆட்டத்துக்கு 17.7 புள்ளி, அதிலும் ஒரு பங்கு டிஃபன்ஸ் போட்டது. சீசனுக்குப் பிந்தைய ‘பவுல்’ ஆட்டங்களில் ஒன்றான மியூசிக் சிட்டி பவுலில் அந்த வருடம் கென்டக்கியை 21-0 என்று வென்றபோது மூன்று டச் டவுனில் இரண்டு, எதிரணியின் பாஸைப் பிடுங்கிக்கொண்டு டிஃபன்ஸ் ஓடிப் போட்டவை. ஆள் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. பிரையன் பொறுப்பில் இருந்த வருடங்களில் டி.ஜே. ஹாக்கன்சன், நோவா ஃபான்ட், டிரிஸ்டன் விர்ஃப்ஸ், டைலர் லிண்டர்பாம் என்று நாலு பேரை, தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டன, நாலு பேருமே ஆஃபன்ஸ்காரர்கள்.

எல்லாவற்றையும்விட உறுத்தியது சார்லி ஜோன்ஸ் விவகாரம். 2021-ல் அயோவாவில் அவர் பிடித்த பாஸ் மொத்தம் 21. அடுத்த வருடம் பர்டூ பல்கலைக்கழகத்துக்கு மாறினார், அதே பிரிவு, கிட்டத்தட்ட அதே எதிரணிகள். அங்கே பிடித்தது 110, யார்டு 1,361. ஒரே ஆள், ஒரு வருட இடைவெளி, ஐந்து மடங்கு. ‘கால்’ பற்றிய புகாரில் இதைவிடக் கூரான சாட்சியம் எனக்குத் தெரியாது. ஆனால் உற்றுப் பார்த்தால் இது கூட ப்ளே காலிங்கைப் பற்றியது அல்ல. மூன்றாவது டவுனில் எதைச் சொன்னார் என்பதல்ல இங்கே கேள்வி. பந்தை வீசி ஆடும் ஓர் அமைப்பு அங்கே கட்டப்பட்டிருந்ததா, இல்லையா என்பதுதான். மெனுவில் தோசையே இல்லாத கடையில், சர்வர் ஏன் தோசை கொண்டுவரவில்லை என்று சண்டை போட்டு என்ன பயன்?

மெனுவைத் தீர்மானித்தவர் தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ட்ஸ். பிரையனின் அப்பா.

கிர்க் 1999-லிருந்து அங்கே இருக்கிறார். 2018-ல் முன்னாள் பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரையைத் தாண்டி, அயோவா வரலாற்றிலேயே அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் ஆனார். அவருக்குக் கீழே ஆஃபன்ஸ் ஒருங்கிணைப்பாளராக முதலில் கென் ஓகீஃப், அப்புறம் கிரெக் டேவிஸ், அதற்குப் பின் 2017-லிருந்து பிரையன். மூவரும் தங்கள் முறைக்குத் திட்டு வாங்கினார்கள். கிரெக் டேவிஸ் கதை சுவாரசியமானது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 2005 சீசனின் தேசிய சாம்பியன்ஷிப்பை வென்ற ஆஃபன்ஸ் அவருடையது. அங்கேயும் அவருடைய ப்ளே காலிங்கை ரசிகர்கள் கரித்துக்கொட்டினார்கள், 2010-ல் 5 வெற்றி, 7 தோல்வி என்று சீசன் படுத்ததும் பதவி போயிற்று. பிறகு அயோவாவுக்கு வந்து அதே வசையை வேறு உச்சரிப்பில் கேட்டார்.

வேறு ஊராக இருந்தால் மூன்று பேரையும் நியமித்தவரைக் கேட்டிருப்பார்கள். அயோவாவில் அது சுலபமில்லை. அந்த மாநிலத்தில் என்எஃப்எல் அணி கிடையாது. சனிக்கிழமை கின்னிக்கில் கூடும் எழுபதாயிரம் பேருக்கு அதுதான் ஊர்த் திருவிழா. முதல் கால்பகுதி முடிந்ததும், அரங்கத்தை ஒட்டி நிற்கிற குழந்தைகள் மருத்துவமனையின் ஜன்னல்களைப் பார்த்து மொத்தக் கூட்டமும் கையசைக்கும், 2017-லிருந்து நடக்கும் வழக்கம். அந்தக் கூட்டம் கிர்க் ஃபெரன்ட்ஸை மரியாதையோடுதான் பார்க்கிறது. சாமியைத் திட்ட வாய் வராது, பூசாரியைத் திட்டலாம். பூசாரி சாமியின் மகனாகவும் போய்விட்டால் கோபத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

பல்கலைக்கழகம் அரசுடையது. உறவினரை நேரடியாக மேற்பார்வை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் அப்போது காகிதத்தில் பிரையனுக்கு மேலதிகாரி அப்பா அல்ல, விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டா. நடைமுறையில் இதன் விளைவு விசித்திரமானது. ஆஃபன்ஸைச் சரிசெய்ய வேண்டியவருக்கு அதை மதிப்பிடும் அதிகாரம் இல்லை. மதிப்பிட வேண்டியவருக்கு ஆஃபன்ஸ் வேலை இல்லை. போதாக்குறைக்கு, 2022-ல் க்வார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் பிரையனிடமே வந்து சேர்ந்தது. அவர் ஆடிய காலத்தில் தடுப்பு வரிசையில் ஆடியவர்.

2023 பிப்ரவரியில் பார்ட்டா ஒரு தீர்வு கண்டுபிடித்தார். பிரையனின் சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைந்தது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: வரும் சீசனில் அணி குறைந்தது 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். இல்லையென்றால் 2024 ஜூனோடு வேலை முடிந்தது. பவுல் ஆட்டத்தையும் சேர்த்து 13 ஆட்டம் என்று வைத்தால் 325 புள்ளி. நாடு முழுக்க ஃபுட்பால் ரசிகர்கள் அயோவாவின் ஒவ்வொரு புள்ளியையும் 325-லிருந்து கழித்துப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். டிஃபன்ஸ் போடும் டச் டவுனும் இந்தக் கணக்கில் சேரும் என்பது நகைச்சுவையின் உச்சம். ஆஃபன்ஸ் பொறுப்பாளரின் வேலையை டிஃபன்ஸ் காப்பாற்றலாம்!

இந்த நிபந்தனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 20-6 என்று முன்னிலையில் இருக்கும்போது பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவதுதான் நல்ல ப்ளே காலிங். ஒப்பந்தமோ ‘இன்னும் ஐந்து புள்ளி எடு’ என்கிறது. வேலையைச் சரியாகச் செய்கிறவனைத் தண்டிக்கிற அளவுகோல் அது. 25 என்பதும் பெரிய எண் அல்ல, நடுத்தர அணிகள் சாதாரணமாகத் தாண்டுவதுதான்.

2023 சீசன் நன்றாகத்தான் தொடங்கியது. முதல் மூன்று ஆட்டத்தில் 24, 20, 41, மொத்தம் 85. இலக்குக்கு மேலேயே ஓடியது. நாலாவது ஆட்டத்தில் பென் ஸ்டேட்டிடம் 31-0 என்று தோல்வி, ஆஃபன்ஸ் எடுத்தது 76 யார்டு. அடுத்த ஆட்டத்தில், மிச்சிகனிலிருந்து நம்பிக்கையோடு கொண்டுவந்த க்வார்ட்டர்பேக் கேட் மெக்நமாராவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. லூக் லேச்சி, எரிக் ஆல் என்று இரண்டு முக்கிய டைட் எண்டுகளும் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்கிறவர்கள்) ஒருவர் பின் ஒருவராகக் காயத்தில் உட்கார்ந்தார்கள். இதையெல்லாம் கழித்துப் பார்க்காமல் பிரையனுக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம். கழித்துப் பார்த்தாலும் அதற்கு முந்தைய வருடம் கழியாது.

அக்டோபர் 21, மினசோட்டா ஆட்டம். அயோவா ஆஃபன்ஸ் மொத்தம் 127 யார்டு. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் அயோவாவின் கூப்பர் டிஜீன் ஒரு பன்ட்டைப் பிடித்து ஓடிப்போய் டச் டவுன் போட்டார், அரங்கம் எழுந்து ஆடியது. நடுவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, பந்து வரும்போது அவர் கை அசைத்தது செல்லாத சைகை என்று அதை ரத்து செய்தார்கள். 12-10 என்று தோல்வி. அன்றைய ஆத்திரம் நடுவர்கள் மேல். ஆனால் 127 யார்டு ஆடிவிட்டு ஒரு கையசைவை நம்பி நிற்கும் நிலைமை எப்படி வந்தது என்ற கேள்வி மறுநாளும் மிச்சமிருந்தது. பார்ட்டா ஓய்வு பெற்ற பிறகு இடைக்கால இயக்குநராக வந்த பெத் கெட்ஸ், அக்டோபர் 30 அன்று அறிவித்தார்: சீசன் முடிந்ததும் பிரையன் தொடர மாட்டார். அப்போது அணிக்கு 6 வெற்றி, 2 தோல்வி.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? வரிசையாக நாலு வெற்றி. 10-7, 22-0, 15-13, 13-10. பந்தயக்காரர்கள் அயோவா ஆட்டங்களுக்கு, இரு அணியும் சேர்த்து 30 புள்ளி கூட வராது என்று கணித்தார்கள். நெப்ராஸ்கா ஆட்டத்துக்கு 25-ஐ ஒட்டிய எண், அதுவும் எட்டவில்லை. அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிறகு மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0 என்று தோல்வி.

இப்போது சீசன் முழுவதையும் கூட்டிப் பாருங்கள். 14 ஆட்டத்தில் எடுத்தது 216 புள்ளி, சராசரி 15.4. கொடுத்தது 207. யார்டு கணக்கில் 133 அணிகளில் கடைசி. இந்த அணி ஜெயித்தது பத்து ஆட்டம். பன்ட் உதைக்கும் ஆஸ்திரேலியர் டோரி டெய்லர் 93 முறை உதைத்து 4,479 யார்டு சேர்த்தார். 1938-லிருந்து நின்ற சாதனை உடைந்தது. ‘பன்ட்தான் வெற்றி’ என்று டி-ஷர்ட்டே போட்டார்கள். நாட்டின் சிறந்த துணைப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருது அந்த வருடம் அயோவாவின் டிஃபன்ஸ் பொறுப்பாளர் ஃபில் பார்க்கருக்குப் போனது.

பெரிய ஃபெரன்ட்ஸின் கணக்கு இந்த எண்களில்தான் இருக்கிறது. எதிரணியால் நம் மேல் 13 புள்ளிக்கு மேல் போட முடியாது என்றால், எனக்கு 14 போதும். நான் தோற்க ஒரே வழி, பந்தை நடுவில் பறிகொடுப்பது. பாஸ் போடாதே, நடுவில் ஓடு, முடியாவிட்டால் தூரமாக உதை, எதிரணி தப்பு செய்யும்வரை காத்திரு. இது சோம்பேறித்தனம் அல்ல, ரிஸ்க்கைக் குறைக்கிற கணக்கு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ரிஸ்க்கைக் குறைப்பது பலசாலிக்குத்தான் லாபம். தன்னைவிடப் பலமான அணியிடம் மோதும்போது துணிந்து நாலு பாஸ் போட்டால்தான், ஏதாவது ஒன்று விழுந்து ஆட்டம் திரும்பும். அயோவா பலவீனமான அணியிடமும் மிச்சிகனிடமும் ஒரே மாதிரிதான் ஆடியது. விளைவு: 2021-ல் தன் லீக்கின் இறுதியாட்டத்தில் மிச்சிகனிடம் 42-3, 2022-ல் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 54-10, 2023-ல் மூன்று பூஜ்ஜியம். வருடத்துக்கு எட்டு, பத்து தடவை சரியாக வேலை செய்கிற சூத்திரம், முக்கியமான நாட்களில் மட்டும் வேலை செய்வதில்லை. கூட்டம் ஊளையிட்டது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் ‘கால்’ என்று சொன்னது அகராதிப் பிழை, அவ்வளவுதான்.

இந்தப் பயம் அயோவாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, என்எஃப்எல் அணிகளே நாலாவது டவுனில் துணிந்து ஆட வேண்டிய இடங்களில் தயங்கி உதைத்துவிடுகின்றன என்று காட்டியது. வழக்கப்படி உதைத்துத் தோற்றவரை யாரும் கேட்பதில்லை, துணிந்து தோற்றவருக்கு வேலை போகும். கிர்க் ஃபெரன்ட்ஸ் அந்தத் தயக்கத்தை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தவர்.

2024-க்குப் புதிய ஒருங்கிணைப்பாளராக டிம் லெஸ்டர் வந்தார். தலைமையில் அதே கிர்க். பந்து தொடங்குமுன் ஆட்களை இடம் மாற்றி நகர்த்தி டிஃபன்ஸைக் குழப்புவது லெஸ்டர் பாணி. ஓட்டம் என்றால் இந்த முறை நிஜமாகவே ஓட்டம்: ஏற்கனவே அணியில் இருந்த கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி 21 டச் டவுன் போட்டார். முதல் ஆட்டமே 40-0. சீசன் முடிவில் சரியாக 13 ஆட்டம், 360 புள்ளி, சராசரி 27.7. பிரையனுக்கு வைத்த 325 இலக்கை, அவருக்குப் பின் வந்தவர் முதல் வருடமே சாவகாசமாகத் தாண்டினார். ரசிகர்கள் சொன்னது சரிதான் என்று இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

நிறுத்த முடியாததற்குக் காரணம் இன்னொரு எண். புள்ளி கூடிய அந்த வருடம் அயோவா ஜெயித்தது 8, தோற்றது 5. எல்லோரும் சிரித்த வருடத்தில் 10-4. பாஸ் ஆட்டம் 2024-லும் நொண்டத்தான் செய்தது. ஒஹாயோ ஸ்டேட்டிடம் இந்த முறை 35-7.

வழக்கமான சீசனின் கடைசி ஆட்டம், நவம்பர் 29, மறுபடியும் நெப்ராஸ்கா. முதல் பாதியில் அயோவா ஆஃபன்ஸ் கிட்டத்தட்ட நகரவே இல்லை. கடைசி நொடியில் ட்ரூ ஸ்டீவன்ஸ் 53 யார்டிலிருந்து உதைத்த ஃபீல்டு கோல் ஆட்டத்தை முடித்தது. ஸ்கோர், பிரையன் இருந்த முந்தைய வருடத்தைப் போலவே, 13-10.